தீவுக்குப் போன சாவுச் சேதி

ஹூரியாவை ஓரிடத்தில் உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. தாயிஸ் நகரத்துப் பழைய சந்தையில் மென்றால் லேசான போதை தரும் காத் இலை விற்கிற சபிர் மலைப் பெண்கள் எல்லாரும் சாக்கை விரித்து, இலைக்கட்டுகளுக்கு ஈரத்துணி போர்த்தி, காதோரம் ரைஹான் துளசிக் கொத்தைச் செருகிக்கொண்டு அம்சமாக உட்கார்ந்திருப்பார்கள். வாங்குகிறவன்தான் குனிந்து பேரம் பேச வேண்டும். இவள் மட்டும் நின்றுகொண்டே விற்பாள். போதாததற்கு ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வந்தவனின் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"மோந்து பாருங்க அண்ணே. இன்னிக்குக் காலைல பறிச்சது. நேத்து இலையை மென்னுட்டு வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட எரிஞ்சு விழணும்னா எதிர்க்கடைக்குப் போங்க."

எதிர்க்கடைக்காரி திட்டுவாள். இவளும் பதிலுக்குத் திட்டுவாள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவார்கள்.

முகத்தை மூடுகிற வழக்கம் அந்த மலைப் பெண்களுக்குக் கிடையாது. வாயை மூடுகிற வழக்கம் ஹூரியாவுக்குக் கிடையாது. கட்டிக்கொண்டவன் ஜித்தாவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே இன்னொருத்தியை நிக்காஹ் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டபோது அவள் அழுது புரளவில்லை. அவனுடைய பெட்டியைக் கழுதைமேல் ஏற்றி அவன் அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மறுநாளே சந்தைக்கு வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அதற்காக அவள் இடுப்பு காலியாகவும் இருந்ததில்லை. உம்மா காலங்கடந்து பெற்ற தம்பி முக்பில் அந்த இடுப்பில்தான் வளர்ந்தான். உம்மாவுக்குப் பொழுதெல்லாம் சரிவு வயலில் வேலை. பிள்ளைக்குச் சோறூட்டியது, மூக்கைச் சிந்தியது, முதுகில் ரெண்டு வைத்தது எல்லாம் அக்காதான்.

முக்பில் அதிகம் பேசமாட்டான். அக்கா பேசுகிற பேச்சில் அவனுக்கு என்ன மிஞ்சும் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஒரு தேன் வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, தேன் வாங்கி வர பெஷாவர் போனான். போன நேரம் கெட்ட நேரம். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கர்களின் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்நிய ஊரில் அரபி பேசுகிறவனைப் பிடித்துக் கொடுத்தால் கூலி என்று ஆகிவிட்ட சமயம் அது. விடுதியில் தேன் டப்பாக்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். பாவிகள்!

அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிவதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கியூபா என்ற தீவில் அமெரிக்கர்கள் ஒரு கொட்டடி வைத்திருக்கிறார்கள், அங்கே இருக்கிறான் என்று செஞ்சிலுவைக்காரர்கள் வந்து சொன்னார்கள். என்ன குற்றம், எத்தனை வருஷம், எந்த நீதிபதி போட்ட தண்டனை என்று கேட்டாள் ஹூரியா. குற்றம் என்னவென்று யாரும் சொல்லவில்லை, காலக்கெடு இல்லை, நீதிபதியே இல்லை என்றார்கள்.

"நீதிபதி இல்லாம எப்படி அண்ணே உள்ள வைப்பாங்க? எங்க சந்தைல ஆட்டைத் திருடினவனைக்கூட ஷேக் முன்னால நிறுத்தி, ஏன்டா திருடினேன்னு கேட்டுட்டுத்தானே அடிக்கிறாங்க!"

கடிதம் எழுதினால் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று மட்டும் சொன்னார்கள்.

முக்பில் போன மூன்றாம் வருஷம் உம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததுமே உம்மாவின் தம்பி ஷம்ஸான் மாமா, குடும்பத்துக்கே பெரியவர், எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார்: முக்பிலுக்கு இது தெரியக் கூடாது. அவர் சொல்லாவிட்டாலும் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை. அந்த மலையில் பாதி ஆம்பிளைகள் சவூதியில் கிடக்கிறார்கள். பரதேசத்தில் இருப்பவனுக்குச் சாவுச் சேதி சொல்வதில்லை. அவன் ஊர் திரும்பி, குளித்து, வயிறாரச் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு மெல்லச் சொல்வார். பிழைக்கப் போனவனுக்கே இப்படி. அடைபட்டுக் கிடப்பவனிடம் போய் யாருக்குச் சொல்ல மனம் வரும்?

ஹூரியாவுக்கு எழுதத் தெரியாது. சந்தை முனையில் இருந்த மருந்துக்கடைக்காரர்தான் அவள் சொல்லச் சொல்ல எழுதுவார். உம்மா போன பிறகு எழுதிய முதல் கடிதத்தில் 'உம்மா சலாம் சொல்கிறாள்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியோடு நின்றிருக்கலாம். அடுத்த கடிதத்தில் உம்மா கனவு கண்டாள். அதற்கடுத்ததில் உம்மாவுக்குக் கோபம்: 'இப்படிப் போய் மாட்டிக்கொண்டாயே, உனக்கு எத்தனை தடவை சொன்னேன், சாப்பிடாமல் கிடக்கிறாயாமே, அறைந்துவிடுவேன்.' சொல்லும்போது ஹூரியாவுக்கே உம்மா உயிரோடு இருப்பது போல இருந்தது. முக்பிலிடமிருந்து முதலில் நீளமாகப் பதில் வந்தது. பிறகு சுருங்கியது. பிறகு நின்றே போயிற்று.

இரண்டாயிரத்தெட்டாம் வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள் சந்தையில் இருந்த ரேடியோ எல்லாம் ஒரே சேதியைக் கத்தியது. அந்தத் தீவில் இருக்கிற அந்நியர்களும் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், என்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நீதிபதி முன்னால் கேட்கலாம், அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். ஹூரியா இலையைப் போட்டது போட்டபடி ஓடிப்போய் உலர்ந்த திராட்சை வாங்கிச் சந்தை முழுவதும் கொடுத்தாள். எதிர்க்கடைக்காரி கட்டிப்பிடித்து அழுதாள். முக்பில் பெருநாளைக்கு வீட்டில் இருப்பான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இவளும் நம்பினாள். அவனுக்குப் படுக்கையை வெயிலில் போட்டு உதறி வைத்தாள் என்றால் பாருங்களேன்.

தம்பிக்குப் பதிலாக வக்கீல் வந்தார். வெல்டன் என்று பெயர், அமெரிக்கர், அறுபது வயதிருக்கும், பெரிய உடம்பு. மலையேறி ஷம்ஸான் மாமா வீட்டு மாடிக்கு வந்து சேர்வதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது. கூட வந்தவன் இத்ரீஸ், ஏடனில் சட்டம் படித்தவன், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல வந்திருந்தான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆம்பிளைகள் மெத்தையில் சாய்ந்து இலை மென்றுகொண்டிருந்தார்கள். ஹூரியா காப்பிக்கொட்டைத் தோலில் காய்ச்சிய கிஷ்ர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வாசற்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

வெல்டன் சொல்ல, இத்ரீஸ் சொன்னான்: "இத்தனை வருஷமா எங்க அரசாங்கம் சொன்னது ரெண்டே விஷயம். இவங்க எங்க குடிமக்கள் இல்ல. அந்த இடமும் எங்க மண் இல்ல, வாடகைக்கு எடுத்தது. அதனால எங்க நீதிபதிக்கு அங்க வேலை இல்ல."

"வாடகைக்கா? யாருகிட்ட?" என்றாள் ஹூரியா.

"கியூபாக்காரங்ககிட்ட. ஆனா அவங்க வாடகையைத் தொடறதே இல்ல. காலி பண்ணுங்கன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க."

ஹூரியா விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டுக்காரன் வெளிய போங்கறான், இவங்க போகமாட்டாங்க. சாவி இவங்க கைல, காவல்காரன் இவங்க ஆளு. கேள்வி கேட்டா மட்டும் அது எங்க வீடு இல்லையாக்கும்!"

"ஹூரியா, விருந்தாளிகிட்ட பேசற பேச்சா இது?" என்று மாமா அதட்டினார்.

வெல்டன் சிரித்தார். "நாங்களும் அதைத்தான் சொன்னோம். ஒன்பது நீதிபதிங்கள்ல அஞ்சு பேரு ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர் மனசு மாறியிருந்தாலும் கதவை மூடியிருப்பாங்க."

"அதான் திறந்தாச்சே. என் தம்பி எங்கே?"

அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றார் வெல்டன். முன்பு வெல்டன் அனுப்பிய தாளில் முக்பிலுக்காக அக்கா கைநாட்டு வைத்த மனுதான் இதுவரை ஓடிக்கொண்டிருந்தது. இனி அது செல்லாது. இவர் எனக்கு வக்கீல் என்று முக்பிலே கையெழுத்துப் போட வேண்டும். அவனோ மாட்டேன் என்கிறான். நோன்பு முடியும்வரை நீதிபதி பொறுத்துக்கொள்வார். அதற்குள் கையெழுத்து வராவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்.

"முதல் தடவை வாயே திறக்கல. வக்கீல் வேஷத்துல விசாரணைக்காரங்க வந்து ஏமாத்தினதுண்டாம். அதனால என்னையும் அப்படி நினைச்சிருப்பாருன்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை அவரா ஒரு கேள்வி கேட்டாரு. உம்மா எப்படி இருக்காங்கன்னு."

மாடியில் மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன.

"நீங்க என் மூலமா அனுப்பின கடுதாசியில இருந்ததைச் சொன்னேன். நல்லா இருக்காங்க, சலாம் சொன்னாங்கன்னு. அவர் என்னையே பார்த்துட்டிருந்தாரு. அப்புறம் காவல்காரனைக் கூப்பிட்டு, என்னைத் திரும்ப உள்ள கூட்டிட்டுப் போன்னுட்டாரு. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

ஷம்ஸான் மாமா கன்னத்தில் அடக்கியிருந்த இலையை நாக்கால் தள்ளித் தள்ளி யோசித்தார். கடைசியில், கேமரா இருந்தால் எடுங்கள், நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று நானே சொல்கிறேன், பெரியவர் முகத்தைப் பார்த்தால் பையன் நம்புவான் என்றார்.

ஹூரியா கெண்டியைத் தரையில் வைத்துவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

சரிவு வயலில் காத் மரங்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள். கை தன்பாட்டுக்கு இலையைக் கிள்ளியது, கிள்ளியதைக் கீழே போட்டது. தெரிந்துவிட்டது, அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று ஒரு மனம் சொன்னது. தெரிந்திருக்காது, வெறும் ஏக்கத்தில் கேட்டிருப்பான், நீயாகப் போய்த் தலையில் கல்லைப் போடாதே என்று இன்னொரு மனம் சொன்னது. அந்தத் தீவில் சாப்பிட மறுக்கிறவர்களை நாற்காலியில் கட்டி மூக்கு வழியாகக் குழாய் விடுகிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். உம்மா இல்லை என்று கேட்டதும் அவன் சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டால்? சொல்லாமல் விட்டால் கையெழுத்து இல்லை, மனு இல்லை, நீதிபதி இல்லை. நரைத்துச் சாகிறவரை அங்கேயே கிடப்பான். யா அல்லாஹ், இப்படியா என்னை மாட்டிவிடுவாய் என்று வாய்விட்டே கேட்டாள்.

திரும்பி மாடிக்கு வந்தபோது மாமா தலைப்பாகையைச் சரிசெய்து கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க மாமா. நான் பேசறேன். உள்ளதைச் சொல்லப் போறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? நீ சொல்லி அவன் உள்ளயே செத்துப்போனா அந்தப் பழி உன் தலைல விடியும்."

"சொல்லாம அவன் உள்ளயே கெழவனாயிட்டா அது யாரு தலைல மாமா விடியும்?"

"என் கூரைக்குக் கீழ அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்போ கூரை வேணாம். வாங்க தம்பி" என்று இத்ரீஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வெல்டன் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே இறங்கினார். படி இறங்கியதும் ஹூரியா உம்மா இறந்த விஷயத்தைச் சொல்ல, இத்ரீஸ் அதை அவரிடம் சொன்னான். அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

முற்றத்துச் சுவரோரம் அவளை நிறுத்தினார்கள். நின்றால்தானே! இரண்டு வார்த்தை பேசுவாள், கேமராவை விட்டு வெளியே நடந்துவிடுவாள். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம். அக்கா, முகம் தெரியல" என்று இத்ரீஸ் கெஞ்சினான்.

"டேய் முக்பில்" என்று ஆரம்பித்தாள். "நான்தான்டா. இந்த மனுஷனை ஏன்டா வெரட்டினே? இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கிட்டு நம்ம மலைமேல ஏறி வந்து மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறாரு. இவர் பொய் சொல்லலடா. நாங்க சொன்ன பொய்யைத்தான் அப்படியே தூக்கிட்டு வந்து உன்கிட்ட குடுத்துட்டாரு. கேளு. உம்மா இல்லடா. உம்மா மவுத்தாயிட்டா. நீ போன மூணாவது வருஷம், மழைக்கு முந்தி. காய்ச்சல். நான் பக்கத்துலதான் இருந்தேன். கடுதாசில உம்மா சொன்னான்னு வந்ததெல்லாம் நான் சொன்னது. எல்லாமே நான்தான். உனக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன்டா. கோவம் வந்தா என்னைத் திட்டு. வந்து என் முடியைப் புடிச்சு ஆட்டு. சோத்தை மட்டும் தள்ளாதே. பட்டினி கெடந்து என்னைப் பழிவாங்கிடாதேடா, உன் காலைப் புடிக்கிறேன். இவர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடு. நீதிபதி முன்னால போய் நின்னு கேளு, என்னை ஏன்யா புடிச்சு வச்சிருக்கீங்கன்னு. சின்னதுலேர்ந்து வாயே திறக்காத பய நீ. இதுக்காவது வாயைத் தொறடா."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

மாமா அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். நோன்பு வந்தது. ஹூரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாங்க வந்தவர்களிடமெல்லாம் சண்டை. ஒருவர் இலை வாடியிருக்கிறதே என்று கேட்டுவிட்டார். உன் மூஞ்சியைவிடப் பரவாயில்லை, போ என்று கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். போன் மணி எங்கே அடித்தாலும் திரும்பிப் பார்ப்பாள். செத்துவிட்டான் என்று சொல்லத்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அதை மனத்திலிருந்து பிடுங்கி எறிய முடியவில்லை. எதிர்க்கடைக்காரிதான் நோன்பு திறக்கும்போது வற்புறுத்தி வாயில் ரெண்டு பேரீச்சம்பழத்தைத் திணிப்பாள்.

பெருநாள் கழிந்து சந்தை கூடிய அன்று இத்ரீஸ் வந்தான். தூரத்தில் அவனைக் கண்டதுமே ஹூரியா கூவினாள்: "உசுரோட இருக்கானா? அதை முதல்ல சொல்லு."

"இருக்காரு அக்கா. கையெழுத்துப் போட்டுட்டாரு. மனு நிக்குது. நீதிபதி விசாரணைக்கு எடுத்துக்கிட்டாரு."

சுற்றியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஹூரியா இத்ரீஸின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னடா முழிக்கிறே? சாப்பிடறானா?"

"சாப்பிடறாரு. படத்தை மூணு தடவை போடச் சொல்லிப் பார்த்தாராம். இப்படித் திட்டறதுக்கு அமெரிக்காக்காரன் ஆளு புடிக்க முடியாது, இது என் அக்காதான்னாராம்." இத்ரீஸ் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். "உம்மா போன சேதி அவருக்கு முன்னாடியே தெரியும் அக்கா. விசாரணைக்காரன் ஒருத்தன் அந்த வருஷமே வந்து சொல்லியிருக்கான். முக்பில் அவன் மூஞ்சில துப்பிட்டாராம். உங்க கடுதாசியைக் காட்டி, இதோ உம்மா என்னைத் திட்டியிருக்கா பாரு, செத்தவ திட்டுவாளாடான்னு கேட்டாராம். கடுதாசி வர வரத்தான் புரிஞ்சுதாம். உம்மா ஒரு நாளும் அவரைத் திட்டினதே இல்லையாமே?"

ஹூரியா இலைக்கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைக் கட்டிப்போட்டவன் உண்மை சொல்றான், என் வீடு பொய் சொல்லுது, அப்புறம் அந்த வீட்டுலேர்ந்து வர்ற வக்கீலை எப்படி நம்பறதுன்னு வெல்டன்கிட்ட கேட்டிருக்காரு. அதான் யாரோடயும் பேசாம இருந்திருக்காரு, இத்தனை வருஷமும்."

அந்த விசாரணைக்காரனின் முகம் எப்படியிருக்கும் என்று ஹூரியாவுக்குத் தெரியாது. ஆனால் தன் தம்பிக்கு முன்னால் அவன் உண்மையானவனாக உட்கார்ந்திருந்ததும், அவனை அப்படி உட்கார வைத்தது தன் வாய்தான் என்பதும் இப்போது தெரிந்தது. அந்த வாயைக் கல்லால் இடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாராம்" என்று இத்ரீஸ் காகிதத்தைப் பிரித்தான். "கடைசில உம்மா என் பேரைச் சொன்னாளா? அக்கா அவ இஷ்டத்துக்குச் சொல்லக் கூடாது, நடந்ததைத்தான் சொல்லணும்னாராம். அடுத்த வாரம் வெல்டன் போறாரு. நீங்க சொல்றதை எழுதிக்கறேன்."

வாங்க வந்த ஒருவர் இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டார். ஹூரியா அவரைப் பார்க்கவில்லை. ஆமாம் என்ற ஒரே சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. உன் பேரைத்தான் சொன்னாள், உன்னை நினைத்துக்கொண்டேதான் போனாள். சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அங்கே கிடக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய சோறு! உண்மை தெரிந்தவள் இவள் ஒருத்திதான். இவள் சொல்வதை மறுக்க ஒரு ஜீவன் இல்லை.

"எழுதிக்கோ தம்பி" என்றாள். "உன் பேரைச் சொல்லலடா. என் பேரையும் சொல்லல. அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியல. சின்னப் புள்ள மாதிரி, அவளோட உம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. கூப்பிட்டுக்கிட்டே போயிட்டா."

இத்ரீஸ் எழுதி முடித்தான். பேனாவை எடுக்காமல், "ஆறுதலா ஒரு வார்த்தை ஏதாவது…" என்று இழுத்தான்.

"வேணாம். அதோட நிறுத்து" என்றாள் ஹூரியா. "அவன் என்னை நம்பணும்."